பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண்களைப் பார்ப்பதும் ஒப்பிடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பொதுத்தேர்வு எழுதியவர்களும் அவர்களுடைய பெற்றோரும் மே மாதத்தில் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்த காலத்தில் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கப்பட்டவை இவை. முடிவைப் பார்ப்பது பற்றிய கேள்விகளைவிட, பார்த்த பிறகு யாருடைய மதிப்பெண்ணோடு எதை வைத்துப் பார்ப்பது என்ற கேள்விகளே எப்போதும் அதிகமாக இருந்தன. அதனால் விடைகளும் அந்தப் பக்கமே நீண்டிருக்கின்றன.

முடிவை எங்கே பார்ப்பது?

அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்திலும், தேசியத் தகவல் மையத்தின் முடிவுகளுக்கான தளத்திலும், டிஜிலாக்கர் செயலியிலும் பார்க்கலாம். பதிவெண்ணும் பிறந்த தேதியும் வேண்டும். பள்ளியில் கொடுத்துள்ள கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் வரும். முடிவு வெளியாகும் நேரத்தில் இலட்சக்கணக்கானோர் ஒரே சமயத்தில் நுழைவதால் தளம் திணறுவது வழக்கம்; பத்து நிமிடம் பொறுத்தால் போதும், மதிப்பெண் எங்கும் ஓடிவிடாது. இணைய வசதி இல்லாதவர்கள் படித்த பள்ளிக்கே சென்று தெரிந்துகொள்ளலாம்.

தேர்ச்சி பெற எவ்வளவு எடுத்திருக்க வேண்டும்? மொத்தம் 35-க்கு மேல் இருந்தும் தேர்ச்சி இல்லை என்று வருவது ஏன்?

ஒவ்வொரு பாடத்திலும் 100-க்கு 35 எடுக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த விதி. அதற்கு உள்ளே இன்னொரு விதி இருக்கிறது. பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டுள்ளது. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முழுதாக 30 வாங்கிய மாணவர் எழுத்துத் தேர்வில் 12 எடுத்தால் கூட்டுத்தொகை 42 ஆகிவிடும். ஆனாலும் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுத்திருக்க வேண்டும் என்பதால் அவர் தேர்ச்சி பெறுவதில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலிலும் இதே போலத்தான்: எழுத்துத் தேர்வில் 75-க்கு 20, செய்முறையில் 25-க்கு 15 என்று இரண்டையும் தனித்தனியே தொட்டாக வேண்டும். எனவே முடிவைப் பார்க்கும்போது கடைசிக் கட்டத்தில் உள்ள கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காமல், எழுத்துத் தேர்வு என்ற கட்டத்தில் உள்ள எண்ணையும் பாருங்கள்.

என் தோழியைவிட நான் 14 மதிப்பெண் அதிகம். ஆனால் பொறியியல் தரவரிசையில் அவள் எனக்கு வெகுதூரம் முன்னால் இருக்கிறாள். இது எப்படி நியாயமாகும்?

இந்தக் கேள்வி ஆண்டு தவறாமல் வரும். ஒப்பீட்டில் பலரும் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் எண்களை வைத்தே பார்த்துவிடுவோம்.

நீங்கள் தமிழில் 96, ஆங்கிலத்தில் 95, கணிதத்தில் 88, இயற்பியலில் 90, வேதியியலில் 94, கணினி அறிவியலில் 99 எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 562. உங்கள் தோழி அதே வரிசையில் 84, 82, 98, 96, 95, 93 எடுத்திருக்கிறார். மொத்தம் 548. தெருவில் யார் கேட்டாலும் நீங்கள்தான் அதிகம். ஆனால் பொறியியல் சேர்க்கையில் மொழிப் பாடங்களும் கணினி அறிவியலும் கட்-ஆஃப் (தரவரிசைக்கான மதிப்பெண்) கணக்கில் வருவதே இல்லை. கணிதத்தை 100-க்கு அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கி 50, 50 என்று சேர்த்து, மொத்தம் 200-க்குக் கணக்கிடுகிறார்கள். உங்கள் கட்-ஆஃப் 88, 45, 47 சேர்ந்து 180. தோழியின் கட்-ஆஃப் 98, 48, 47.5 சேர்ந்து 193.5. இந்த 13.5 வித்தியாசத்துக்கு நடுவே பல்லாயிரம் மாணவர்கள் நிற்கிறார்கள்.

இதே மதிப்பெண்களைத் தூக்கிக்கொண்டு அரசு கலை அறிவியல் கல்லூரிக்குப் போனால் கதை வேறு. அங்கே பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்கு மொழிகள் நீங்கலான நான்கு பாடங்களின் கூட்டுத்தொகையை 400-க்குப் பார்ப்பார்கள். உங்களுக்கு 371, தோழிக்கு 382. அங்கும் அவர்தான் முன்னால். ஆனால் தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணும் ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் அடிப்படை. அந்த இரண்டு வரிசையிலும் தோழி உங்களுக்கு மிகவும் பின்னால் இருப்பார். மருத்துவம் என்றால் இருவரின் மதிப்பெண்ணும் விண்ணப்பிக்கும் தகுதிக்கு மட்டுமே உதவும் (அதற்கும் உயிரியல் படித்திருக்க வேண்டும்); இடத்தைத் தீர்மானிப்பது நீட் மதிப்பெண்.

ஆகவே 562 பெரிதா 548 பெரிதா என்ற கேள்விக்குச் சேரப் போகும் படிப்பின் பெயரைச் சொல்லாமல் விடை சொல்ல முடியாது. ஆறு பாடங்களையும் கூட்டி வரும் அந்த எண்ணை கலந்தாய்வு மேசைகள் பெரும்பாலும் கேட்பதில்லை, உறவினர்கள்தாம் கேட்கிறார்கள்.

இருவருக்கும் ஒரே கட்-ஆஃப் வந்தால்?

பொறியியல் தரவரிசையில் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதுவும் சமமானால் இயற்பியலைப் பார்ப்பார்கள். அதற்கு மேலும் பல படிகள் உண்டு. எல்லாவற்றிலும் சமமாக நின்றால் கடைசியில் சமவாய்ப்பு எண் (கணினி குத்துமதிப்பாக ஒதுக்கும் ரேண்டம் எண்) முடிவு செய்யும். விண்ணப்பத்தின்போது அந்த எண் ஏன் ஒதுக்கப்படுகிறது என்று பலர் குழம்புவார்கள், அது இதற்காகத்தான்.

போன ஆண்டு அண்ணன் வேதியியலில் 95 எடுத்தான், இந்த ஆண்டு நானும் 95. இரண்டும் ஒன்றுதானே?

சான்றிதழில் ஒன்று, வரிசையில் ஒன்றல்ல. வினாத்தாளின் கடினம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2024-ஆம் ஆண்டு பிளஸ் டூ வேதியியலில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் 471 பேர். அடுத்த ஆண்டு அதே பாடத்தில் 3,181 பேர். 2024-இல் 95 எடுத்தவருக்கு மேலே இருந்த கூட்டமும் 2025-இல் 95 எடுத்தவருக்கு மேலே இருந்த கூட்டமும் ஒரே அளவாக இருந்திருக்க முடியாது. பத்தாம் வகுப்பில் இது தலைகீழாகவும் நடந்திருக்கிறது: 2024-இல் கணிதத்தில் 20,691 பேர் சதம் அடித்தார்கள், 2025-இல் 1,996 பேர். 2025-இல் 92 எடுத்த தங்கையிடம் போய் "அக்கா நூறு எடுத்தாளே" என்று கேட்கும் வீட்டில் இந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கலாம். தமிழில் மட்டும் ஆச்சரியம்: இரண்டு ஆண்டுகளிலும் பத்தாம் வகுப்பில் தமிழில் நூறு எடுத்தவர்கள் எட்டே பேர்.

கொரோனா ஆண்டுகளை எதனோடும் ஒப்பிடவே கூடாது. 2020-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்கவில்லை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடும் கொடுத்து மதிப்பெண் வழங்கினார்கள். 2021-இல் பிளஸ் டூவுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று சேர்த்துக் கணக்கிட்டார்கள். அந்தத் தலைமுறைப் பிள்ளைகளை "எழுதாமல் தேறியவர்கள்" என்று கேலி பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேர்வை நிறுத்தியது அவர்கள் அல்ல.

அப்பா 1,020 எடுத்ததாகச் சொல்கிறார். நான் 530. என்னைவிட அவர் இரண்டு மடங்கா?

இல்லை. அப்போது ஒரு பாடத்துக்கு 200 என்று மொத்தம் 1,200. ஒரு பாடத்துக்கு 100, மொத்தம் 600 என்று மாறியது பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்த 2017-18-இல் தொடங்கிய மாற்றங்களின்போதுதான். (அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் கைவிடப்பட்டது.) அப்பாவின் 1,020 இன்றைய கணக்கில் 510. எனவே எண்ணிக்கையில் நீங்கள்தான் 20 அதிகம். ஆனால் உடனே அவரிடம் போய் மார்தட்ட வேண்டாம். அவர் காலத்தில் அகமதிப்பீட்டு மதிப்பெண் கிடையாது. 2006 வரை பிளஸ் டூவுக்கு மேல் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் நுழைவுத்தேர்வும் எழுதினார்கள். முடிவைத் தெரிந்துகொண்ட விதமும் வேறு. மாலை நாளிதழில் தேறியவர்களின் பதிவெண்கள் மட்டும் பொடி எழுத்தில் வரிசையாக வரும். பெட்டிக்கடை வாசலில் பத்துத் தலைகள் ஒரே தாளின் மேல் குனிந்திருக்கும். முன் எண்ணும் பின் எண்ணும் இருந்து நடு எண் இல்லையென்றால் அதுதான் முடிவு. மதிப்பெண் தெரியப் பள்ளிக்குப் போக வேண்டும். அதனால் யார் எவ்வளவு என்ற பேச்சு தொடங்குவதற்கு ஓரிரு நாள் இடைவெளியாவது கிடைத்தது. இன்று அது அரை நிமிடம்கூட இல்லை.

சிபிஎஸ்இ-யில் படித்த மாணவரோடு ஒப்பிடுவது எப்படி?

நேராக ஒப்பிட முடியாது. பொறியியல் சேர்க்கையில் இதற்கென்றே சமன்படுத்தும் முறை ஒன்று உள்ளது. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் அதிகபட்ச மதிப்பெண்ணும் மற்ற வாரியத்தின் அதிகபட்ச மதிப்பெண்ணும் சமமாகக் கொள்ளப்படும். இயற்பியலில் மாநில வாரியத்தில் அதிகபட்சம் 100, இன்னொரு வாரியத்தில் 96 என்றால், அந்த வாரியத்தில் 84 எடுத்தவரின் மதிப்பெண் 87.5 என்று கொள்ளப்படும். பெரும்பாலான ஆண்டுகளில் இரு பக்கமும் அதிகபட்சம் நூறாகவே இருந்துவிடுவதால் இந்தக் கணக்கு பெயரளவில்தான் நிற்கிறது என்பது என் கருத்து.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள ஏ1 என்ற தரக்குறியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. அது 91-க்கு மேல் எடுத்தவர்களுக்கு என்று நினைக்கிறார்கள். அந்தப் பாடத்தில் தேறியவர்களை வரிசைப்படுத்தி முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1 தருகிறார்கள். எனவே ஒரே மதிப்பெண்ணுக்கு ஒரு பாடத்தில் ஏ1-உம் இன்னொரு பாடத்தில் ஏ2-உம் வரலாம்.

மாநிலத்தில் முதலிடம் யார் என்று ஏன் அறிவிப்பதில்லை?

2017 மே மாதம், பிளஸ் டூ முடிவு வெளியாவதற்கு முந்தைய நாள், மாநில, மாவட்ட அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்படுவதாக அரசு தெரிவித்தது. மாணவர்களிடையே ஆரோக்கியமற்ற போட்டியும் மன உளைச்சலும் ஏற்படுவதைத் தவிர்ப்பதே நோக்கம். நல்ல முடிவு என்றே சொல்வேன். ஆனால் பள்ளி வாசல் பேனர்கள் அதற்குப் பணியவில்லை. முகம் அச்சிட்ட பிள்ளைகள் நாற்பது பேர் என்றால், அந்த வழியாகவே தினமும் வந்து போகும் அச்சிடப்படாத பிள்ளைகள் இருநூறு பேர்.

நூறு விழுக்காடு தேர்ச்சி என்று விளம்பரம் செய்யும் பள்ளி, அப்படிச் சொல்லாத பள்ளியைவிடச் சிறந்ததா?

அந்தப் பள்ளியிடம் இரண்டு எண்களைக் கேளுங்கள். எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள்? அதே அணியில் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தால், தேறமாட்டார் என்று கருதப்பட்டவர்கள் மாற்றுச் சான்றிதழோடு வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்டிருக்கலாம். பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்வது அருகிலுள்ள அரசுப் பள்ளி. 2025 பிளஸ் டூவில் மாநிலத் தேர்ச்சி 95.03 விழுக்காடு, அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 91.94. யாரையும் திருப்பி அனுப்பாமல் எட்டிய 91.94 அது என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

மாவட்ட வரிசையும் இப்படித்தான். பிளஸ் டூவில் 2023-இல் விருதுநகர், 2024-இல் திருப்பூர், 2025-இல் அரியலூர் முதலிடம் பெற்றன. ஓரிரு விழுக்காட்டு வித்தியாசத்தில் மேலும் கீழும் போகும் இந்தப் பட்டியலை வைத்து ஒரு மாணவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பல ஆண்டுகளாக மாறாமல் நிற்பது ஒன்று மட்டும்தான்: மாணவிகளின் தேர்ச்சி மாணவர்களுடையதைவிட அதிகம். 2025-இல் அது 96.70-உம் 93.16-உம்.

எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைந்திருக்கிறது. மறுகூட்டலா, மறுமதிப்பீடா?

பிளஸ் டூவில் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்வதே முறை. அறிவிக்கும் அவகாசம் சில நாள்களே என்பதால் தள்ளிப்போட வேண்டாம். உயிரியல் மாணவர்கள் தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் தனித்தனி விடைத்தாள் எழுதியிருப்பீர்கள்; இரண்டையும் பார்க்க வேண்டும்.

நகல் வந்ததும் பாடநூலும் விடைக்குறிப்பும் ஓர் ஆசிரியரும் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். இயற்பியல் தாளை எடுத்துக்கொண்டால் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15, இரண்டு மதிப்பெண் 6, மூன்று மதிப்பெண் 6, ஐந்து மதிப்பெண் 5, ஆக மொத்தம் 70. முதல் சுற்றில் விடை சரியா என்று பார்க்காதீர்கள். எல்லா விடைக்கும் பக்கத்தில் சிவப்பு மை விழுந்திருக்கிறதா, உள்ளே போட்ட மதிப்பெண் முகப்புப் பக்கக் கட்டத்தில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒருமுறை ஒரு மாணவியின் நகலில், ஐந்து மதிப்பெண் தருவித்தல் ஒன்று பக்கத்தின் அடியில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடிந்திருந்தது. முதல் பக்கத்தில் 2 என்றும் மறுபக்கத்தில் 3 என்றும் திருத்தியவர் போட்டிருந்தார். கட்டத்தில் 2 மட்டுமே இருந்தது. உதவித் தேர்வாளர், கூர்ந்தாய்வு அலுவலர், முதன்மைத் தேர்வாளர் என்று மூன்று கண்கள் பார்த்த தாள் அது. இப்படிப்பட்ட பிழைக்கு மறுகூட்டல் போதும். விடைக்குறிப்புப்படி சரியாக எழுதியும் மதிப்பெண் குறைத்திருந்தால்தான் மறுமதிப்பீடு. "அவள் என்னைப் போலவே எழுதினாள், அவளுக்கு நாலு கூட" என்பதை மட்டும் காரணமாக வைத்து விண்ணப்பிக்காதீர்கள். தேர்வறையை விட்டு வந்து நினைவிலிருந்து சொல்வதும் தாளில் இருப்பதும் ஒன்றாக இருப்பது அரிது.

ஒரு பாடத்தில் தவறிவிட்டேன். ஓராண்டு வீணா?

வீணாகாது. முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கும். தவறிய பாடத்தை மட்டும் எழுதி, அந்த ஆண்டே கல்லூரியில் சேர்ந்தவர்கள் ஏராளம். பள்ளி வழியாகவே விண்ணப்பிக்கலாம். 2025-இல் 7,92,494 பேர் எழுதிய பிளஸ் டூ தேர்வில் 39,352 பேர் தேறவில்லை. நீங்கள் தனியாக இல்லை. மனம் கனத்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, மருத்துவ உதவி எண் 104, மனநல உதவி எண் 14416 ஆகியவற்றில் பேசலாம். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்.

பத்தாம் வகுப்பில் 500-க்கு 410. எந்தப் பிரிவு எடுப்பது?

410 என்ற எண்ணை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. கணிதத்தில் 62-உம் சமூக அறிவியலில் 98-உம் சேர்ந்த 410, கணிதத்தில் 97-உம் ஆங்கிலத்தில் 60-உம் சேர்ந்த 410-இலிருந்து மிகவும் வேறானது. நண்பன் எடுத்த பிரிவு என்பதற்காக முதல் பிரிவில் சேர்ந்து, நவம்பரில் வணிகவியலுக்கு மாற முடியுமா என்று கேட்டு நின்றவர்களை அறிவேன். பாலிடெக்னிக்குக்கும் தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். பட்டயப் படிப்பை முடித்தால் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

தற்காலிக மதிப்பெண் சான்றிதழ் கைக்கு வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, பெற்றோர் பெயர், புகைப்படம். தமிழில் உள்ள பெயரையும் ஆங்கிலத்தில் உள்ள பெயரையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் அன்றைக்கே தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அசல் சான்றிதழ் அச்சாவதற்கு முன் திருத்துவது எளிது. கலந்தாய்வுக்கும் உதவித்தொகைக்கும் தேவைப்படும் என்பதால் பல நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசலுக்கு லேமினேஷன் போட வேண்டாம்.